நல்ல தலைவர்கள் இருந்திருந்தால் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்திருக்காதா?

கேள்வி இதுதான்: 1861-இல் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும், பிரிந்து போன தென் மாநிலங்களுக்கும் இடையே தொடங்கிய உள்நாட்டுப் போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்கு முந்தைய பத்து, பதினைந்து ஆண்டுகளில் கொஞ்சம் திறமையும் நிதானமும் உள்ள தலைவர்கள் இருந்திருந்தால், அடிமை முறை பற்றிய சண்டையைப் பேசித் தீர்த்து அத்தனை உயிர்களையும் காப்பாற்றியிருக்க முடியாதா?

அமெரிக்காவிலேயே பலர் இப்படி நினைத்திருக்கிறார்கள். 1930, 40களில் அங்கே ஒரு சாரார் வரலாற்றாசிரியர்கள், தவிர்த்திருக்கக்கூடிய போரைத் தவறுக்கு மேல் தவறு செய்து இழுத்துவிட்ட தலைமுறை என்றே அந்தக் கால அரசியல்வாதிகளைத் திட்டினார்கள். ஃபிராங்க்ளின் பியர்ஸ், ஜேம்ஸ் புகேனன் என்ற இரண்டு அதிபர்களின் லட்சணத்தைப் பார்த்தால் அது சரி என்றுதான் தோன்றும். ஆனாலும் என் பதில் வேறு. அந்தத் தலைவர்களுக்குச் சமரசம் செய்யத் தெரியாமல் போகவில்லை. எழுபது ஆண்டுகளாக அவர்கள் செய்துகொண்டிருந்ததே சமரசம்தான். ஒவ்வொரு முறையும் அதற்கு விலை கொடுத்தவர்கள், பேச்சுவார்த்தை மேசையில் இடமே இல்லாத கறுப்பின மக்கள். தலைவர்களின் பிழைகள் போர் எப்போது வரும், எந்த வடிவில் வரும் என்பதை மாற்றின. ஆனால் சண்டைக்கான காரணம் அவர்களுடைய பிழைகளில் இல்லை.

முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம், அதைப் பார்க்காமல் இந்த அரசியல் விளங்காது. 1790-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 7 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். 1860-இல் அது 40 லட்சத்தை நெருங்கிவிட்டது. இடையில் 1793-இல் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் இயந்திரம் வந்தது, தெற்கு முழுக்கப் பருத்தி பரவியது. போருக்கு முன் அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்திதான். சந்தை விலையில் கணக்குப் போட்டால் அந்த 40 லட்சம் மனிதர்களின் ‘மதிப்பு’ 300 கோடி டாலருக்கு மேல். நாட்டிலிருந்த ரயில் பாதைகளையும் ஆலைகளையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. மனிதர்களை விலைக் கணக்கில் எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. ஆனால் தெற்கத்தித் தலைவர்கள் பேசியதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இந்தச் சொத்துக்கு அரசியலமைப்பே காவலாக நின்றது. 1787-இல் எழுதிய சட்டத்தில், ஓட்டுரிமை துளியும் இல்லாத அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு வீதம் மக்கள் தொகையில் சேர்த்து, தென் மாநிலங்களுக்குக் கூடுதல் பிரதிநிதிகளையும் அதிபர் தேர்தலில் கூடுதல் வாக்குகளையும் கொடுத்திருந்தார்கள். விளைவு, 1789 முதல் 1861 வரையிலான 72 ஆண்டுகளில் 49 ஆண்டுகள் அதிபர் நாற்காலியில் இருந்தவர்கள் அடிமைகளை வைத்திருந்த தென்னவர்கள். தெற்கின் குரல் எடுபடவில்லை, அதனால் பிரிந்து போனார்கள் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

சரி, சமரசங்களுக்கு வருவோம். 1820-இல் மிசூரியை அடிமை மாநிலமாகவும் மெயினை அடிமை முறை இல்லாத மாநிலமாகவும் சேர்த்துக்கொண்டு, பிரான்ஸிடம் வாங்கிய லூசியானா நிலப்பரப்பில் 36 டிகிரி 30 நிமிட அட்சரேகையில் ஒரு கோடு போட்டார்கள். மிசூரி நீங்கலாக, கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது. அந்தக் கோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, நள்ளிரவில் ஒலிக்கும் தீ மணிபோலத் தன்னைத் திடுக்கிடவைத்தது என்று முன்னாள் அதிபரான முதிய ஜெஃபர்சன் கடிதம் எழுதினார். மணி ஓசை கேட்டது, ஆனால் அவர் தன் பண்ணையின் அடிமைகளில் பெரும்பாலோரைக் கடைசிவரை விடுவிக்கவில்லை.

அப்புறம் முப்பது ஆண்டுகள், இதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே தலைமை என்று ஆனது. அடிமை ஒழிப்பு மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கும் விதியைப் பிரதிநிதிகள் சபை 1836-இல் கொண்டுவந்தது. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் சாதாரண உறுப்பினராக அங்கே உட்கார்ந்து, எட்டு ஆண்டுகள் விடாமல் மல்லுக்கட்டி 1844-இல் அதை நீக்க வைத்தார். தெற்கில் நிலைமை இன்னும் மோசம். 1835-இல் சார்ல்ஸ்டன் தபால் நிலையத்தில் ஒழிப்பு இயக்கத்தாரின் அச்சுப் பிரதிகளைக் கும்பல் எடுத்துப்போய் எரித்தது, மத்திய அரசு தடுக்கவில்லை. தென் கரோலினா செனட்டர் ஜான் கல்ஹூன் 1837-இல் அவையில் எழுந்து, அடிமை முறை தவிர்க்க முடியாத தீமை அல்ல, நன்மையே என்று பேசினார். அதற்கு முந்தைய தலைமுறைத் தென்னவர்கள் வாயளவிலாவது வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் போயிற்று.

1850 சமரசத்தைத்தான் பலர் தலைமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். மெக்சிகோ போரில் கிடைத்த புதிய நிலங்களில் அடிமை முறையை விடலாமா கூடாதா என்று நாடே பிளந்து நின்ற நேரம் அது. செனட்டர் ஹென்றி கிளே திட்டம் போட்டார், வடக்கத்தி செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் அதற்காகப் பேசித் தன் ஊரில் பெயரைக் கெடுத்துக்கொண்டார். கல்ஹூன் சாகும் தறுவாயில் இருந்ததால், அவருடைய எதிர்ப்பு உரையை வேறொருவர் படித்தார். கிளே எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய மசோதா தோற்றுப்போனது. இல்லினாய்ஸ் செனட்டர் ஸ்டீவன் டக்ளஸ் மூட்டையைப் பிரித்துத் தனித்தனி மசோதாக்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெரும்பான்மையைத் திரட்டி நிறைவேற்றினார். வடக்கத்தியர் தமக்குப் பிடித்ததற்கு ஓட்டுப் போட்டார்கள், தெற்கத்தியர் தமக்குப் பிடித்ததற்கு. நடுவில் நின்றவர்கள் சிலரே. இதைச் சமரசம் என்பதைவிடத் தற்காலிகப் போர்நிறுத்தம் என்பதே பொருத்தம்.

அந்த மூட்டையிலிருந்த ஒரு சட்டம் எல்லாவற்றையும் கெடுத்தது. தப்பியோடிய அடிமைகள் சட்டம். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது, அவர் சாட்சி சொல்லவும் கூடாது. வழக்கை முடிவு செய்யும் ஆணையர், அவரை அடிமை என்று தீர்ப்புச் சொன்னால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். தப்பியவருக்குச் சோறு போட்டாலும் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. தெற்கில் நடப்பது தெற்கோடு என்று இருந்த வடக்கு மக்களின் தெருவுக்கே இது அடிமை முறையைக் கொண்டுவந்தது. 1854 ஜூன் 2 அன்று ஆண்டனி பர்ன்ஸ் என்ற ஒரே ஒரு இளைஞரைத் திருப்பி அனுப்ப, பாஸ்டன் நகரில் ராணுவத்தையும் மாநிலப் படையையும் நிறுத்தி, ஆயிரக்கணக்கான மக்கள் இருபுறமும் நின்று சபிக்கச் சபிக்கக் கப்பலுக்கு நடத்திப் போனார்கள். நேற்றுவரை நிதானவாதிகளாக இருந்த வணிகர்கள்கூட அதற்குப் பிறகு மாறினார்கள். இதில் தலைவர்களைவிட முக்கியமானவர்கள் உயிரைப் பணயம் வைத்து ஓடியவர்கள். ஓடிவந்த ஒவ்வொருவரும், மறந்துவிடலாம் என்று அரசியல்வாதிகள் நினைத்த கேள்வியை மறுபடி நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். அப்படித் தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ்தான் (செனட்டர் டக்ளஸ் வேறு, இவர் வேறு) அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவரானார்.

தலைமையின் பிழை என்று விரலை நீட்டிக் காட்ட வேண்டுமானால் நான் காட்டுவது 1854-ஐ. செனட்டர் டக்ளஸுக்குச் சிகாகோவிலிருந்து பசிபிக் கடற்கரைவரை ரயில் பாதை வேண்டும். அதற்கு மிசூரிக்கு மேற்கே உள்ள நிலப்பகுதியில் முறையான ஆட்சி அமைய வேண்டும். அந்த நிலம் 1820 கோட்டுக்கு வடக்கே இருந்தது. கோட்டை எடுத்தால்தான் ஓட்டு என்று செல்வாக்குள்ள தெற்கத்தி செனட்டர்கள் சொல்லிவிட்டார்கள். முதலில் மழுப்பலான வாசகம் எழுதிப் பார்த்தார் டக்ளஸ். கென்டக்கி செனட்டர் ஆர்ச்சிபால்ட் டிக்சன், தெளிவாக நீக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இது பெரும் புயலைக் கிளப்பும் என்று தெரிந்தே டக்ளஸ் ஒத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ஜனவரி 22, ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸின் ஏற்பாட்டில் அதிபர் பியர்ஸை எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். பியர்ஸ் தலையாட்டினார். 34 ஆண்டுகள் நின்ற ஒரு ஒப்பந்தத்தைக் கலைக்க ஒரு பகல் பேச்சு போதுமாக இருந்தது.

கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் என்ற இது, அங்கே குடியேறும் மக்களே அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யட்டும் என்றது. கேட்பதற்கு ஜனநாயகம் போலத்தான் இருக்கும். ‘மக்கள்’ என்பதில் அடிமைகள் சேர்த்தி இல்லை என்பதைக் கவனித்தால் அந்த ஜனநாயகத்தின் உயரம் தெரிந்துவிடும். பாஸ்டனிலிருந்து சிகாகோவரை என் கொடும்பாவி எரியும் வெளிச்சத்திலேயே பயணம் போயிருக்கலாம் என்று டக்ளஸே பின்னால் சொன்னார். சட்டத்துக்கு ஓட்டுப் போட்ட வடக்கத்தி ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் 44 பேரில் அடுத்த தேர்தலில் ஜெயித்துத் திரும்பியவர்கள் 7 பேர். வடக்கிலும் தெற்கிலும் கிளை பரப்பியிருந்த விக் கட்சி சிதறியது. வடக்கில் மட்டும் வேர்விட்ட குடியரசுக் கட்சி பிறந்தது. அரசியலிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கி வக்கீல் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபிரகாம் லிங்கன் மறுபடி மேடை ஏறினார்.

கான்சாஸில் என்ன நடந்தது? 1855 மார்ச் தேர்தலில் தகுதியுள்ள வாக்காளர்கள் 2,905 பேர், விழுந்த ஓட்டுகள் 6,307. மிசூரியிலிருந்து ஆயுதங்களோடு வந்து கள்ள ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள், அவர்களை நடத்தி வந்தவர்களில் ஒருவர் செனட்டர் டேவிட் ஆச்சிசன். 1856 மே மாதத்தில் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது. மறுநாள் செனட் அவைக்குள்ளேயே, அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சார்ல்ஸ் சம்னரைத் தெற்கத்தி உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் நினைவிழக்கும்வரை அடித்தார். இரண்டு நாள் கழித்து, அடிமை முறையை ஆயுதத்தால் எதிர்த்த ஜான் பிரவுனின் கூட்டம் அடிமை முறை ஆதரவாளர்கள் ஐந்து பேரை வெட்டிக் கொன்றது. போர் அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்பவர்களை நான் மறுக்கமாட்டேன்.

இந்த நெருப்புக்கு நடுவில் அதிபரானவர் புகேனன். பென்சில்வேனியாக்காரர், நாற்பது ஆண்டு அரசியல் அனுபவம், காகிதத்தில் பார்த்தால் அவரைவிடத் தகுதியானவர் கிடையாது. செய்ததைப் பாருங்கள். டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. பதவியேற்பதற்கு முன்பே புகேனன் நீதிபதிகளுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதி, தன் மாநிலத்து நீதிபதி ராபர்ட் கிரையரைத் தெற்கத்தியர் பக்கம் சேரச் சொல்லித் தூண்டினார். பிறகு 1857 மார்ச் 4 பதவியேற்பு உரையில், நீதிமன்றம் என்ன சொன்னாலும் மனமுவந்து ஏற்பேன் என்று ஒன்றும் அறியாதவர்போலப் பேசினார். இரண்டே நாளில் தீர்ப்பு வந்தது. கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது, ஆட்சிப்பகுதிகளில் (இன்னும் மாநிலமாகாத நிலங்களில்) அடிமை முறையைத் தடை செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது என்றார் தலைமை நீதிபதி ராஜர் டானி. அடிமை முறை மேலும் பரவக் கூடாது என்ற குடியரசுக் கட்சியின் மூலக் கொள்கையே சட்டவிரோதம் என்றாகிவிட்டது. நீதிமன்றம் சொன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று புகேனன் உண்மையிலேயே நம்பினார்.

அதே ஆண்டு கான்சாஸில் அடிமை முறை ஆதரவாளர்கள் லெகாம்ப்டன் என்ற ஊரில் ஒரு மாநில அரசியலமைப்பைத் தயாரித்தார்கள். அது பெரும்பான்மைக்கு எதிரானது என்று புகேனனே அனுப்பிய ஆளுநர் சொன்னார். 1858 ஜனவரியில் ஓட்டெடுத்தபோது எதிர்த்து 10,226, ஆதரித்து 162. அப்படியும் புகேனன் அதை ஏற்கச் சொன்னார். காரணம் எளிது: அவரைத் தேர்ந்தெடுத்த 174 தேர்வாளர் வாக்குகளில் 112 அடிமை மாநிலங்களிலிருந்து வந்தவை. இந்த இடத்தில் டக்ளஸ் எதிர்த்து நின்றார். முன்னாள் அதிபர் ஜாக்சன் காலத்தில் கட்சியை எதிர்த்தவர்களின் கதியை நினைத்துப் பார் என்று அதிபர் மிரட்ட, “ஜெனரல் ஜாக்சன் இறந்துவிட்டார் என்பதை நினைவில் வையுங்கள்” என்று பதில் சொன்னார். துணிச்சலான பதில்தான். ஆனால் அடிமை முறை வேண்டும் என்று ஓட்டு விழுந்தாலும் வேண்டாம் என்று விழுந்தாலும் தனக்கு அக்கறை இல்லை என்று அதே விவாதத்தில் சொன்னவரும் அவர்தான். மனிதரை விற்று வாங்குவதில் அக்கறை இல்லாமல் நடுநிலையாக இருந்துவிடலாம் என்ற அந்த நினைப்பு, டக்ளஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் அவரைக் காப்பாற்றவில்லை.

தெற்கத்தித் தலைவர்களையும் பேசியாக வேண்டும். எல்லாப் பழியும் வடக்கின் கோழைகள் மேல் விழுந்துவிடக் கூடாது. 1860 ஏப்ரலில் சார்ல்ஸ்டனில் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியபோது, அலபாமாவின் வில்லியம் யான்சி அணியினர் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஆட்சிப்பகுதிகள் எல்லாவற்றிலும் அடிமைச் சொத்துக்கு மத்திய அரசே பாதுகாப்புக் கொடுக்க வேண்டும், அடிமை முறை தப்பில்லை என்று வடக்கத்தியரும் ஏற்க வேண்டும். நீங்கள் எங்களைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள், அதைச் செய்யமாட்டோம் என்றார் ஒஹையோவின் ஜார்ஜ் பியூ. தென்னவர்கள் எழுந்து வெளியேறினார்கள். கட்சி இரண்டாக உடைந்தால் லிங்கன் ஜெயிப்பார், அவர் ஜெயித்தால் பிரிந்து போகக் காரணம் கிடைக்கும் என்று அவர்களில் தீவிரவாதிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். அது திறமைக் குறைவு அல்ல. தெரிந்து செய்த அரசியல். வேண்டுமென்றே பாலத்தை உடைப்பவரை எதிரே நிற்பவரின் சாமர்த்தியம் எப்படித் தடுக்கும்?

அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் லிங்கன் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டில் வென்றார். தெற்கில் பத்து மாநிலங்களில் அவருக்கு ஓட்டுச் சீட்டே கிடையாது. தோல்வி உறுதி என்று தெரிந்ததும் டக்ளஸ் தன் வெற்றிக்கான பிரசாரத்தை விட்டுவிட்டுத் தெற்கே போய், பிரியாதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் வாரங்கள் அவை. யாரும் கேட்கவில்லை. டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது, பிப்ரவரி தொடங்கும்போது ஏழு மாநிலங்கள் போயிருந்தன. பிரிவது சட்டவிரோதம், ஆனால் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார் புகேனன்.

இங்கேதான் லிங்கன்மேல் குற்றச்சாட்டு வருகிறது. கென்டக்கியின் ஜான் கிரிட்டெண்டன் 1820-இல் போட்ட பழைய கோட்டைப் பசிபிக் வரை நீட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தார். லிங்கன் தன் கட்சிக்காரர்களுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதி, அடிமை முறை பரவுவதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது என்று தடுத்தார். பிடிவாதம் என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இப்போதுள்ள நிலத்துக்கு மட்டுமல்ல, இனிமேல் பிடிக்கப்போகும் நிலத்துக்கும் அந்தக் கோடு பொருந்தும் என்று திட்டம் சொன்னது. கோட்டுக்குத் தெற்கே கியூபா இருக்கிறது, மெக்சிகோ இருக்கிறது. கியூபாவை விலைக்கு வாங்கு, ஸ்பெயின் தராவிட்டால் பறித்துக்கொள் என்று 1854-இல் கையெழுத்திட்ட மூன்று தூதர்களில் புகேனனும் ஒருவர். நிகராகுவாவைப் பிடித்த வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கர், 1856-இல் அங்கே அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். லிங்கனின் அச்சம் கற்பனை அல்ல. தேர்தலில் வென்ற கட்சி, வென்ற காரணத்தையே பதவி ஏற்கும் முன் கைவிட வேண்டும் என்றால் தேர்தல் எதற்கு?

அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை என்பதும் உண்மை அல்ல. ஏற்கெனவே அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் மத்திய அரசு என்றைக்கும் தலையிடக் கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தம் 1861 மார்ச் 2 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆட்சேபணை இல்லை என்று லிங்கன் பதவியேற்பு உரையிலேயே சொன்னார். 40 லட்சம் பேரை நிரந்தரமாகக் கைவிட வடக்கு தயாராக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அதற்கும் அந்த ஏழு மாநிலங்கள் திரும்பவில்லை. மார்ச் 21 அன்று சவானாவில், பிரிந்த மாநிலங்கள் அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், நீக்ரோ வெள்ளையனுக்குச் சமமல்ல, அடிமைத்தனமே அவனுடைய இயல்பான நிலை என்பதுதான் புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாக அறிவித்தார். ஏப்ரல் 12 அன்று மத்திய அரசின் சம்டர் கோட்டைமீது குண்டு வீசியது அந்த அரசுதான்.

பணம் கொடுத்து விடுவித்திருக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். பிரிட்டன் 1833 சட்டத்தின்படி உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு கொடுத்து முடித்ததே என்பார்கள். பிரிட்டனின் அடிமைகள் கடல் கடந்த காலனிகளில் இருந்தார்கள், அவர்களுடைய உடைமையாளர்களிடம் லண்டனின் அதிகாரம் முழுவதும் இல்லை. அமெரிக்காவில் அவர்கள்தான் அரசு. வர்ஜீனியா சட்டமன்றம் ஒரே ஒரு முறை, நாட் டர்னர் என்ற அடிமை நடத்திய கலகம் தந்த அச்சத்தில், 1832 ஜனவரியில் படிப்படியான விடுதலையைப் பற்றி வெளிப்படையாக விவாதித்தது. 73-க்கு 58 என்ற கணக்கில் தள்ளிவிட்டார்கள். நல்ல தலைமையால் வரலாறு திரும்பியிருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு தெற்கின் பெரும்பகுதியில் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

லிங்கன் முயன்றும் பார்த்தார். போர் தொடங்கிய பிறகு, 1861 கடைசியில், அடிமை முறை இருந்தும் யூனியனை, அதாவது லிங்கனின் அரசை, விட்டுப் போகாத டெலவேர் மாநிலத்துக்கு ஒரு திட்டம் அனுப்பினார். அங்கே இருந்த அடிமைகள் மொத்தம் 1,798 பேர். தலைக்கு 400 டாலர் வீதம் மத்திய அரசே கொடுக்கும், பல ஆண்டுகளில் மெதுவாக விடுவித்தால் போதும். சட்டமன்றத்தில் தேறாது என்று தெரிந்து அந்த மசோதாவைத் தாக்கல்கூடச் செய்யவில்லை. தலைநகர் வாஷிங்டனில் மட்டும், அது நாடாளுமன்றத்தின் நேரடி ஆட்சியில் இருந்ததால், 1862 ஏப்ரலில் பணம் கொடுத்து விடுவிக்க முடிந்தது. ஜூலை 12 அன்று, டெலவேர் போலப் பிரியாமல் இருந்த அடிமை மாநிலங்களான எல்லை மாநிலங்களின் உறுப்பினர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, போர் நீண்டால் இந்தச் சொத்து ஒரு காசு கிடைக்காமல் போய்விடும், இப்போதே பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். 28 பேரில் 20 பேர் முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த பத்தாவது நாள், ஜூலை 22 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் வரைவை லிங்கன் அமைச்சரவையில் படித்தார்.